போலீஸுக்காகப் போடும் சீட் பெல்ட்

எங்கள் குலதெய்வக் கோயில் உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. மாசி சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு போவது வழக்கம். போன தடவை மதுரையிலிருந்து கிளம்பும்போது ஐந்து பேர் போகும் காரில் ஏழு பேர் இருந்தோம். முன் சீட்டில் மாமா. பெல்ட்டை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, முனையைக் கையில் பிடித்துக்கொண்டார். பூட்டவில்லை.

"காளவாசல்ல போலீஸ் நிப்பாங்க மாப்ள. அதத் தாண்டுற வரைக்கும் இப்படிப் பிடிச்சுக்கிட்டா போதும்."

செக்கானூரணி தாண்டியதும் அதையும் விட்டுவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரிடம் சொல்வதற்குக் கூச்சம். பெல்ட்டைப் பற்றி எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் தெரியும்.

பிறகு ஒருநாள், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மச்சானிடம் வண்டியை விட்டிருந்தேன். அவர் மேசையில் ஒரு பெல்ட் ரீல் கழற்றிக் கிடந்தது. மெதுவாக இழுத்துக் காட்டினார், வழுக்கிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று இழுத்தார், நின்றுவிட்டது. அப்புறம் ரீலைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு இழுத்தார்; அப்போதும் வரவில்லை. உள்ளே இருப்பது பல் வைத்த ஒரு சக்கரம், அதன் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன இரும்புக் குண்டு. வண்டி திடீரென்று வேகம் இழந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ குண்டு உருண்டு ஒரு நெம்புகோலைத் தூக்கும்; அது போய்ப் பல்லில் மாட்டி ரீலைப் பூட்டிவிடும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வதற்குத் தனியாக இன்னொரு அமைப்பு உண்டு.

இது தெரியாததால்தான் இரண்டு தப்பான முடிவுக்கு வருகிறோம். "லூசாத்தானே இருக்கு, இது எங்க நம்மளப் பிடிக்கப்போகுது" என்பது ஒன்று. சாதாரண நேரத்தில் தளர்வாக ஓடி, தேவைப்படும் நொடியில் பூட்டுவதுதான் அதன் வேலையே. கொடைக்கானல் மலைப்பாதையில் சரிவாக நிறுத்திய வண்டியில் பெல்ட் வரவில்லை என்றால் ரிப்பேர் என்று நினைப்பது இரண்டாவது. குண்டு உருண்டிருக்கிறது, அவ்வளவுதான். பெல்ட்டைக் கொஞ்சம் உள்ளே போகவிட்டு, மறுபடி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஆத்திரப்பட்டு இழுக்க இழுக்க இன்னும் பூட்டும்.

இப்போது வரும் கார்களில் இதோடு ப்ரீடென்ஷனர் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. மோதிய கணத்தில் ஒரு சின்ன வெடிமருந்து வெடித்து, பெல்ட்டில் இருக்கும் தொய்வை மில்லி விநாடிக் கணக்கில் உள்ளிழுத்து உங்களைச் சீட்டோடு ஒட்டவைக்கும். அடுத்து, பெல்ட்டே விலா எலும்பை நொறுக்கிவிடாமல் இருக்க, ரீலுக்குள் இருக்கும் ஒரு கம்பி முறுக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். முதலில் இறுக்கம், பிறகு அளவான தளர்வு. மாமா மாதிரி கையில் பிடித்துக்கொண்டால் இது எதுவுமே நடக்காது.

இதில் "நான் டேஷ்போர்டுல கைய ஊனிக்குவேன்" என்பவர்களும் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது என்று வையுங்கள். உங்கள் உடம்பின் மேல் வரும் விசை, உங்கள் எடையைப் போல ஏறத்தாழ 14 மடங்கு. 60 கிலோ ஆள் 840 கிலோவைக் கையால் தாங்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், 50 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். வேகம் இரட்டிப்பானால் உயரம் நான்கு மடங்காகும். நான்கு வழிச்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் போகிறவர், மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எலும்பில் இருக்க வேண்டும், வயிற்றில் அல்ல

பெல்ட் போடுகிறவர்களிலும் பாதிப் பேர் தப்பாகப் போடுகிறோம் என்பது என் எண்ணம். நானே பல வருடம் அப்படித்தான் போட்டேன். தோளில் ஒன்று, இடுப்புக்கு இரு பக்கமும் இரண்டு என மூன்று இடத்தில் பிடிக்கும் இந்தப் பெல்ட்டை, 1959இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். அதற்கு முன் போர் விமானங்களில் விமானியைச் சீட்டோடு வெளியே தூக்கி எறியும் அமைப்பில் வேலை பார்த்தவர் அவர். காப்புரிமையை வோல்வோ எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. அவருடைய வடிவமைப்பின் உயிர்நாடி, அடியை உடம்பின் கெட்டியான எலும்புகள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது. மேல் பட்டை, காறை எலும்பின் நடுவிலும் நெஞ்செலும்பின் மேலும் போக வேண்டும். கீழ்ப் பட்டை இடுப்பெலும்பில், தொடை தொடங்கும் இடத்தை ஒட்டிக் கிடக்க வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? கீழ்ப் பட்டையைத் தொப்பையின் மேல் ஏற்றிவிடுகிறோம். மோதும்போது அது குடலையும் கல்லீரலையும்தான் அழுத்தும். தொப்பை இருப்பவர்கள் பூட்டிய பிறகு பட்டையை வயிற்றுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேல் பட்டையை ஒரு தடவை மேல்நோக்கி இழுத்துத் தொய்வை எடுத்துவிட வேண்டும். வேட்டி மடிப்பு, இடுப்பில் செருகிய பர்ஸ், சட்டைப் பையில் செல்போன், இவை எதுவும் பட்டைக்கு அடியில் இருக்கக் கூடாது.

கல்யாணத்துக்குப் போகும்போது இன்னொரு சங்கடம். பட்டுச்சேலை கசங்கும் என்று மேல் பட்டையைக் கக்கத்துக்கு அடியில் விட்டுக்கொள்வார்கள். கழுத்தில் உரசுகிறது என்று முதுகுக்குப் பின்னால் தள்ளுகிறவர்களும் உண்டு. கக்கத்துக்கு அடியில் போனால் முழு அடியும் கீழ் விலா எலும்புகளுக்கு. உடைந்த எலும்பு கல்லீரலையோ மண்ணீரலையோ குத்தலாம். முதுகுக்குப் பின்னால் போனால் மேல் உடம்பைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. கழுத்தில் உரசினால் முதலில் கதவுத் தூணில் பெல்ட் தொங்கும் இடத்தைப் பாருங்கள். பல கார்களில் அதை மேலும் கீழும் நகர்த்தலாம். ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வருடம் வண்டி ஓட்டியும் அந்தப் பட்டனைத் தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கட்டாயம் போட வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பில். மேல் பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். தாய் பத்திரமாக இருந்தால்தான் பிள்ளையும்.

சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு பெல்ட் போடுவதும் ஏமாற்றுதான். ராத்திரிப் பயணத்தில் முன் சீட்டுக்காரர் செய்யும் வேலை இது. பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். மோதினால் உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய், கீழ்ப் பட்டை வயிற்றில் ஏறும். சீட்டில் மெத்து மெத்தென்று குஷன் போட்டு உட்கார்ந்தாலும் இதேதான்.

மடியில் பிள்ளை

என் தங்கை அவள் ஒன்றரை வயது மகனை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாள். "என் கைய விடப் பாதுகாப்பா என்ன இருக்கு அண்ணே?" என்று கேட்டாள். மேலே போட்ட அதே கணக்கைச் சொன்னேன். 10 கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் 140 கிலோ. எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. தன் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துப் பூட்டினால் இன்னும் மோசம். அம்மாவின் உடம்பே பிள்ளையைப் பெல்ட்டோடு நசுக்கிவிடும்.

குழந்தை சீட் வாங்குங்கள். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பார்க்கும் சீட். தலை கனம், கழுத்து வலுவில்லை என்பதால் அடியை முதுகு முழுவதும் வாங்க வேண்டும். அதை ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. கொஞ்சம் வளர்ந்தால் முன்னோக்கும் சீட், பிறகு பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர். சுமார் 145 செ.மீ. உயரம் வரும்வரை பெரியவர்கள் பெல்ட் கழுத்திலும் வயிற்றிலும்தான் விழும் என்பதால் பூஸ்டர் வேண்டும். செலவுதான். ஆனால் காதுகுத்துக்கு ஆகும் பிரியாணிச் செலவில் ஒரு ஓரம்கூட இல்லை. நத்தம் சாலை மேம்பாலத்தில் சன்ரூஃபைத் திறந்து பிள்ளையை நிற்கவைத்துக் காற்று வாங்கவைப்பவர்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சீட் கவருக்கு அடியில்

புது வண்டி வந்ததும் நேராகப் பாண்டி கோயிலிலோ அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பிடமோ பூசை போடுகிறோம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம், முன்னால் மாலை. அப்படியே அங்கிருந்து சீட் கவர் கடைக்கு. கவர் போடுகிறவர் பின் சீட்டின் பூட்டுகள் மூன்றையும் அடியில் அமுக்கிவிட்டு மேலே இழுத்துத் தைத்துவிடுவார். அதோடு பின் சீட்டுக்குப் பெல்ட் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். கவர் போடும்போது பக்கத்தில் நின்று, பூட்டுகளை வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் அந்தப் பக்கம் தையல் பிரியும்படியான கவர்தான் போட வேண்டும்.

பின்னால் இருப்பவருக்குப் பெல்ட் எதற்கு என்பவர்களுக்கு 2022 செப்டம்பர் 4 நினைவிருக்கலாம். மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலச் சுவரில் மோதியது. பின் சீட்டில் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அது விலையுயர்ந்த வண்டி. பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர் தான் மட்டும் அடிபடுவதில்லை. முன் சீட்டுக்காரர் முதுகிலும் போய் விழுவார். சட்டமும் பின் சீட்டை விட்டுவைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லையென்றாலும் அதேதான்.

இப்போது எங்கள் ஏழு பேர் கதைக்கு வருகிறேன். ஐந்து பெல்ட்டில் ஏழு பேரைப் பூட்ட முடியாது. இரண்டு பேர் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். வேறு வழி ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெல்ட் போடாவிட்டால் வரும் டிங் டிங் சத்தத்தை அடக்க ஒரு கிளிப் விற்பார்கள். பெல்ட்டின் உலோக நாக்கை மட்டும் வெட்டிச் செய்த மாதிரி இருக்கும். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை ஆன்லைன் தளங்களிலிருந்து நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் பூட்டிவிட்டு அதன் மேல் உட்காருவதும் அதே கதைதான். "ஏர்பேக் இருக்கே" என்று சமாதானம் வேறு. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையாகச் செய்யப்பட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். பெல்ட் இல்லாத ஆள் அதற்குள் முன்னே பாய்ந்து அதன் மேலேயே விழுந்தால், மெத்தை அடியாக மாறும். ஓட்டுகிறவர் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பதும் இதனால்தான்.

எங்கள் பக்கம் இன்னொரு பயம், வண்டி கண்மாயில் விழுந்தால் பெல்ட் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாதே என்பது. விழுகிற அடியில் மண்டை உடைந்து மயங்கிக் கிடப்பவர் பெல்ட் இல்லாவிட்டாலும் வெளியே வரப்போவதில்லை. நினைவோடு இருப்பவர் சிவப்புப் பட்டனை அழுத்தினால் கழன்றுவிடும். வண்டி தலைகீழாகக் கிடந்தால் மட்டும், ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு அழுத்துங்கள். இல்லையென்றால் தலைகுப்புற விழுவீர்கள்.

பழைய பெல்ட்

பெரிய மோதலைச் சந்தித்த பெல்ட்டை மாற்ற வேண்டும். நூல் ஒரு தடவை இழுபட்டுவிட்டது, ப்ரீடென்ஷனர் ஒரு தடவைதான் வெடிக்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று பழைய இரும்புக் கடையிலிருந்து இன்னொரு வண்டியின் ரீலை வாங்கி மாட்டாதீர்கள். ஓரம் பிசிறடித்திருந்தாலோ, பூட்டு ஒரே தட்டில் 'க்ளிக்' என்று விழாவிட்டாலோ மாற்றிவிடுங்கள். சோம்பலாக உள்ளே போகும் பெல்ட்டில் பெரும்பாலும் வியர்வை அழுக்கு படிந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைத்தால் சரியாகும். பிளீச்சிங் தூள் வேண்டாம், நூலை அரிக்கும்.

பழைய கார் வாங்கும்போது பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்குக் கவர், மேட், வாசனை எல்லாம் புதிதாக மாற்றுவார்கள்; ரீலுக்குள் சுருண்டிருக்கும் பகுதியை மறந்துவிடுவார்கள். மச்சான் சொல்லித்தான் இதுவும் தெரியும். ஒரு இடத்தில் அப்படி இழுத்தபோது, கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தது. விற்க வந்தவரிடம் காட்டினேன்.

"அது கோயில் திருநீறுங்கண்ணே," என்றார்.