வாக்குமூலத்திலிருந்து சிறுகதைக்கு: மீண்டும் எழுத வரும் வழக்கறிஞர்களுக்கு

இளமையில் கதை எழுதி, பின்பு சட்டம் படிக்கச் சென்று, முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடியும் எழுத உட்காரும் வழக்கறிஞருக்கு முதல் தடையாக இருப்பது அவருடைய வாக்கியமே. ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் பெற்ற ஒரு மூதாட்டி நம் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் தமிழில் பேசினால், வேலைக்குச் சேர்ந்த ஆண்டும் வீட்டு எண்ணும் நோட்டீஸ் வந்த தேதியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எண்ணிட்ட பத்திகளாகச் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் ஏறும். வாசலில் அவர் நட்ட முருங்கையும், இறந்த கணவரைப் பற்றிச் சொல்ல வந்து பாதியில் நிறுத்திய பேச்சும் ஏறமாட்டா. நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் இத்தொழிலைச் செய்தவன். யார் பேசினாலும் ஒரே குரலில் எழுதப் பழகிய கையை மாற்றுவதற்கு எனக்கு உதவிய வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கைக்குத் தெரிந்த வடிவத்திலிருந்தே தொடங்குங்கள். உங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை, நீங்களே சாட்சி என்று கொண்டு, வாக்குமூலமாக எண்ணிட்டு எழுதுங்கள். மறுநாள் எண்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அந்தப் பத்தி எதை விட்டுவிட்டது என்று குறியுங்கள்: அப்போது என்ன வாசனை வீசியது, யார் பதில் சொல்லாமல் இருந்தார், எந்தச் சொல்லை அவர் அப்படியே சொன்னார். இந்தக் குறிப்புகளை முன்னே வைத்து, முதல் தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். ‘மேற்கூறிய’, ‘அதன் பொருட்டு’ போன்ற சொற்கள் உள்ளே வந்தால் அடித்துவிடுங்கள். காரணத்தை முழுமையாக நிறுவும் பழக்கமும் நம்மை எளிதில் விடாது. பாத்திரம் ஏன் அழுதாள் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதியிருந்தால், இரண்டை நீக்கிவிட்டு மூன்றாவதை ஒரு செயலாக மாற்றுங்கள்.

குடும்ப நிகழ்ச்சி என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கட்சிக்காரர் தொழில்முறையில் நம்மிடம் கூறியதை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வெளியிடுவதை மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு தடுக்கிறது. நம் பணி முடிந்த பின்னும் அக்கடமை தொடரும் என்று அதன் விளக்கமே கூறுகிறது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு தோட்டப் பட்டணத்தில், கால் ஊனமும் இரண்டு மகன்களும் உள்ள கிராணி (தோட்டத்து எழுத்தர்) என்று எழுதினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய கோப்புகளைத் திறக்காதீர்கள். அவற்றை நம்பி நம்மிடம் கொடுத்தவர்கள் இன்னும் அதே கடைத்தெருவில் நடக்கிறார்கள்.

அடுத்தது, எழுதியதைக் கூடிப் படித்துக் கேட்கும் வட்டம். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலாகச் சொல்வேன். நாங்கள் ஏழெட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தின் ஓரத்தில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய இரண்டு பெண்கள், செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுநர், படிவம் ஐந்தில், அதாவது இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டில், படிக்கும் மாணவி ஆகியோர் வருகிறார்கள். எழுதியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விதி, ஏனெனில் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவரும் அங்கே முழு உறுப்பினரே. முதல் சுற்றில் எவரும் நல்லது, கெட்டது என்று சொல்வதில்லை; கேட்டபோது மனக்கண்ணில் எதைக் கண்டார்கள் என்று மட்டும் சொல்வார்கள். இரண்டாம் சுற்றில் பிழைகளைச் சொல்லலாம். அப்போது எழுதியவர் வாதாடக் கூடாது. வழக்கறிஞருக்கு இது மிகக் கடினமான விதி. நான் இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினேன்.

அங்கே நான் படித்த முதல் கதையில், என் தாயார் கொட்டும் மழையில் பால்மரம் வெட்டுவதாக உருக்கமாக எழுதியிருந்தேன். படித்து முடித்ததும் ஓர் அம்மா, “தம்பி, பட்டை நனைஞ்சிருந்தா யாரும் மரம் வெட்டமாட்டாங்க. பால் கோட்டுல நிக்காம மரத்தச் சுத்தி வழிஞ்சிரும், மங்குல விழாது” என்றார். கோடு என்பது பட்டையில் வெட்டும் கீறல், மங்கு என்பது பால் சேரும் கிண்ணம். பின்பு சற்று யோசித்து, “மழைன்னா பெரட்டுல நின்னு வானத்தப் பாத்துக்கிட்டு இருப்போம். விடலன்னா அன்னைக்குக் கூலி கிடையாது” என்றார். பெரட்டு என்பது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம். நான் கற்பனை செய்த உழைப்பைவிட, விடியுமுன் எழுந்து வந்து வேலையற்று நிற்கும் அந்தக் காத்திருப்பு எவ்வளவோ கனமானது. கதையை முழுவதும் மாற்றி எழுதினேன். இப்போது அதில் என் தாயார் ஒரு மரத்தையும் தொடுவதில்லை. இத்தகைய திருத்தம் எந்த நூலகத்திலும் கிடைக்காது, ஆகவே உங்கள் வட்டத்தில் வேலை செய்து பழகியவர்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களே எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் அவர்கள் எழுத விரும்பினால், நீங்கள் உடன் அமர்ந்து எழுதிக் கொடுங்கள், அவர்களுடைய சொல்லை மாற்றாமல்.

எதை எழுதுவது என்பதில் ஓர் எச்சரிக்கை. எங்கள் ஊருக்கு அருகே 1948 ஜூன் மாதத்தில் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் எழுதுபவரைக் கட்டாயம் இழுக்கும். முதல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள். ஆவணம் தேடுவதில் நமக்குள்ள திறமையே நம்மை மாதக்கணக்கில் ஆவணங்களுக்குள் வைத்திருக்கும், கதை ஒரு பக்கமும் நகராது.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு நாட்குறிப்பைப் போலவே ஒரு நாட்குறிப்பு வைத்து, வாசிக்கும் ஞாயிறை விசாரணைத் தேதியாக எண்ணிக்கொள்ளுங்கள், ஒத்திவைப்புக் கேட்காதீர்கள். ஆயிரம் சொல்லுக்குள் அடங்கும் கதையே தொடக்கத்திற்குப் போதும். வட்டத்தில் இருமுறை படித்துத் திருத்திய பின் நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்புங்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனதால் நமக்கான பக்கங்கள் குறைந்திருக்கின்றன. ஆகவே பதில் வரத் தாமதமானால் மனம் தளராமல், அடுத்த கதையின் முதல் பத்தியை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி எடுத்து வாருங்கள்.