டி.ஓ. மருத்துவர்களுக்கு: ஃபெல்லோஷிப்புக்கு முன் போர்டு தகுதியைச் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) பட்டம் பெற்று, இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சியில், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியில், இருப்பவர்களுக்கான குறிப்பு இது. இதயநோய், சிறுநீரகவியல் என எந்த ஃபெல்லோஷிப்புக்கு (துணைப்பிரிவுப் பயிற்சிக்கு) போனாலும் கணக்கு ஒன்றுதான். இராஸ் என்ற இணையவழி விண்ணப்பம், இடம் ஒதுக்கும் மேட்ச் முறை பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில், உங்கள் ரெசிடென்சிக்கு யார் அங்கீகாரம் தந்தார்கள் என்று பாருங்கள். 2020 ஜூன் மாதத்தோடு ஏ.ஓ.ஏ.வின் (அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் சங்கம்) தனி அங்கீகாரம் முடிந்து, எல்லாம் ஏ.சி.ஜி.எம்.இ.யின் (மருத்துவப் பயிற்சிகளை அங்கீகரிக்கும் அமைப்பு) கீழ் வந்துவிட்டது. ஆகவே இப்போது பயிற்சியில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. அதற்கு முன் ஏ.ஓ.ஏ. அங்கீகாரம் மட்டுமே பெற்ற இடத்தில் முடித்தவர்கள்தாம் கவனிக்க வேண்டும்: ஃபெல்லோஷிப்பில் சேர ஏ.சி.ஜி.எம்.இ. விதி இடம் தருகிறது, ஆனால் ஏ.பி.ஐ.எம். (தேர்வு வைத்து இன்டர்னல் மெடிசின் சான்றிதழ் தரும் அமெரிக்கப் போர்டு) தேர்வு எழுத அந்தப் பயிற்சி போதாது.

அடுத்ததுதான் என்னை நெடுநாள் குழப்பிய படி. டி.ஓ.க்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: ஏ.ஓ.ஏ.வின் சொந்தப் போர்டான ஏ.ஓ.பி.ஐ.எம். அல்லது ஏ.பி.ஐ.எம். இரண்டும் முறையான சான்றிதழ்களே. சீனியர்களில் ஒருவர் ஒன்றைச் சொல்வார், இன்னொருவர் மற்றதைச் சொல்வார். முடிச்சு இங்கே இருக்கிறது: ஏ.பி.ஐ.எம்.மின் இதயநோய்ப் பிரிவுத் தேர்வை எழுத, அதே போர்டின் இன்டர்னல் மெடிசின் சான்றிதழ் முதலில் கையில் இருக்க வேண்டும். ஏ.ஓ.பி.ஐ.எம். சான்றிதழைக் காட்டி அங்கே நுழைய முடியாது. எனவே எந்தப் போர்டின் துணைப்பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். என் பரிந்துரை ஏ.பி.ஐ.எம்.தான், பிற்பாடு எந்த மருத்துவமனைக்கு விண்ணப்பித்தாலும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

யு.எஸ்.எம்.எல்.இ. (எம்.டி. மருத்துவர்கள் எழுதும் உரிமத் தேர்வு) எழுதாதவர்கள் பதற வேண்டாம். ஏ.பி.ஐ.எம். கேட்பது முழு மருத்துவ உரிமத்தை. டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸின் மூன்று நிலைகளிலும் தேறி அதைப் பெறலாம். ஆனால் பயிற்சிக்கால உரிமம் மட்டும் இருந்தால் சான்றிதழ் கிடைக்காது. உங்கள் பயிற்சியை மதிப்பிட்டு ஏ.பி.ஐ.எம்.முக்குத் தெரிவிப்பவர் பயிற்சியின் பொறுப்பாளரான புரோகிராம் டைரக்டர். பேறுகால விடுப்பு போன்ற நீண்ட விடுப்பு எடுத்தவர்கள், ரெசிடென்சியின் 36 மாதக் கணக்கு நிறைவாகிறதா என்று இறுதியாண்டின் தொடக்கத்திலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏ.பி.ஐ.எம்.மின் இன்டர்னல் மெடிசின் தேர்வு ஆகஸ்டில். ஃபெல்லோஷிப் தொடங்குவது ஜூலையில். புது மருத்துவமனை, புது கணினி, இரவுப்பணி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். "அடுத்த ஆண்டு எழுதலாம்" என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த ஆகஸ்டிலேயே எழுதிவிடுங்கள். பயிற்சி முடிந்து ஏழு ஆண்டுகள் வரை தகுதி நீடிக்கும் என்பது உண்மைதான். அது கடந்தால் மீண்டும் ஓராண்டுப் பயிற்சி தேவைப்படும். படிக்க நான் யூவேர்ல்டு கேள்வித் தொகுப்பையே சொல்வேன். எம்கேசாப் நல்ல நூல், ஆனால் கடைசி இரண்டு மாதங்களில் அதைத் தொடங்குவது வீண்.

பின்சேர்க்கை: வாசகி ஒருவர் கேட்டது நம்மவர் பலருக்கும் பொருந்தும். உரிமத்தில் தந்தை பெயர் ஓரெழுத்து இனிஷியலாகவும், பாஸ்போர்ட்டில் முழுமையாகவும் இருந்தால், தேர்வு மையத்தில் சிக்கல் வரலாம். உள்ளே காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே ஏ.பி.ஐ.எம். கணக்கிலும் பெயர் இருக்கிறதா என்று, பதிவு செய்யும் நாளிலேயே பார்த்துத் திருத்திவிடுங்கள்.