ஜெட்டுக்கு ஒரு ஷட்டர், ஹெலிகாப்டருக்கு வேறு

ராணுவ விமானங்களைப் படமெடுக்கக் கிளம்பும் முன், முதலில் சட்டம். பல நாடுகளில் ராணுவ விமானத் தளத்தை வேலிக்கு வெளியே நின்று படமெடுப்பதுகூடக் குற்றம். அங்கெல்லாம் விமானக் கண்காட்சிக்குக் காத்திருப்பதே நல்லது. அனுமதி உள்ள இடத்தில் காற்றின் திசையைப் பாருங்கள்: விமானம் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். வெயில் உங்கள் முதுகில் விழட்டும்.

போர் ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது இன்னும் வேகமாக, ஃபோகஸ் தொடர் முறையில் (நகரும் விமானத்தைக் கேமரா விடாமல் பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை). ஹெலிகாப்டருக்கும் அதையே வைத்தால் விசிறி அசையாமல் நின்று, பொம்மையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். 1/125 நொடிக்கு இறக்கி, ஹெலிகாப்டரோடு சேர்த்துக் கேமராவையும் நகர்த்துங்கள். நிறைய படம் கலங்கும். அதனால் அடுக்கடுக்காக எடுங்கள்.

வெளிறிய வானத்தில் விமானம் கறுத்துவிடும், கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். உச்சிவெயிலில் ஓடுபாதைமேல் அலையும் கானலை எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் சரிசெய்யாது.