கான்ட்ராக்டரே லோன் வாங்கித் தருகிறேன் என்றால் என்ன செய்வது?

சம்பா அறுப்பு முடிந்து மழையும் விட்டதும் டெல்டா பக்கம் வீட்டு வேலை சூடுபிடித்துவிடும். ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடுவது, மாடியில் தட்டோடு பதிப்பது, ஓதம் ஏறின சுவரைக் கொத்திப் பூசுவது என்று ஊருக்கு நாலு வீட்டில் மணல் கொட்டியிருக்கும். எஸ்டிமேட்டை நீட்டும்போதே கான்ட்ராக்டர் சொல்வார்: "பணத்தப் பத்தி ஏன் சார் கவலப்படுறீங்க, லோனை நானே முடிச்சுத் தர்றேன்."

எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நமக்கு ஒரே காரியமாகத் தெரிவது உண்மையில் இரண்டு ஒப்பந்தம். வேலைக்கு அவரோடு ஒன்று, பணத்துக்குக் கடன் நிறுவனத்தோடு ஒன்று. அவர் சென்ட்ரிங் கட்டியதோடு கம்பி நீட்டிவிட்டாலும் தவணைத் தேதி நகராது. "வேலையே முடியலைங்க" என்று போய் நின்றால் "அது உங்களுக்கும் அவருக்கும்" என்றுதான் பதில் வரும்.

முதலில் எந்த வகைக் கடன் என்று கேளுங்கள். வீடு பழுதுபார்க்கவென்றே வங்கிகள் தரும் கடன் வேறு, பர்சனல் லோன் வேறு, வட்டியும் அதற்கேற்ற மாதிரிதான். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் நிறைய வீடுகள் கோயில் மனையிலோ மடத்து மனையிலோ இருக்கின்றன. மனை நம் பெயரில் இல்லாததால் அடமானக் கடன் கிடைப்பது கஷ்டம். அந்த இடத்தில்தான் "பத்திரமே வேண்டாம்" என்ற பேச்சு இனிக்கும். பத்திரம் கேட்காத கடனுக்கு வட்டி கூடுதலாகத்தான் இருக்கும். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் தரும் நிறுவனங்களும் உண்டு, அதனால் அவர் காட்டும் கடன் உங்களுக்கு மலிவானதா அவருக்கு வசதியானதா என்று ஒரு முறை யோசியுங்கள். ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடினால் அதே வங்கியில் டாப் அப் (அந்தக் கடன் மேலேயே கூடுதல் கடன்) கேளுங்கள், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன் வட்டி என்னவென்றும் விசாரியுங்கள். அதற்கு அப்புறம் அவர் சொல்வதைக் கேட்கலாம்.

வட்டியைச் சொல்லும்போது "வருஷத்துக்கு 12 தான்" என்பார்கள். ஃபிளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் அசலுக்கா (கட்டியது போக மீதிக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 3 லட்சத்தை மூன்று வருடத்துக்கு 12 சதவீதம் ஃபிளாட்டில் வாங்கினால் வட்டி மட்டும் 1,08,000 ரூபாய், தவணை 11,333. அதே 12 சதவீதம் குறையும் அசலுக்கு என்றால் தவணை 9,965 பக்கம், வட்டி மொத்தம் 59,000-க்குள் முடிந்துவிடும். ஃபிளாட் 12 என்பது நிஜத்தில் 21 சதவீதத்துக்கு மேல். இதில் இன்ஷூரன்ஸ், பிராசசிங் சார்ஜ் என்று முன்னாலேயே பிடித்துக்கொண்டால் கையில் வருவது 3 லட்சமும் இருக்காது.

இந்தக் கணக்கை நீங்கள் பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன் எதுவானாலும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாச் செலவும் சேர்த்த வருட வட்டி அதில் இருக்கும், உங்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேலை நாளாவது அது செல்லுபடியாகும். "இன்னிக்கே போட்டாதான் ஆஃபர்" என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

கையெழுத்து நாள்தான் கவனம். டேப்லெட்டோடு ஒரு பையன் வருவான். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ. "அம்மா, ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க." கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஒன்று சிபில் (பழைய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் மதிப்பெண்) பார்க்க இருக்கலாம், ஒன்று கடன் ஒப்பந்தத்தில் ஆதார் வழியாகப் போடும் கையெழுத்து, ஒன்று மாதாமாதம் கணக்கிலிருந்து தவணை எடுத்துக்கொள்ள நீங்கள் தரும் அனுமதி. ஒவ்வொரு ஓடிபி-யையும் சொல்வதற்கு முன் வந்த மெசேஜை முழுதாகப் படியுங்கள். போனைப் பையன் கையில் கொடுக்கவே வேண்டாம். காகிதக் கட்டில் "வேலை திருப்தியாக முடிந்தது" என்று ஒரு தாள் செருகியிருந்தால் எடுத்துத் தனியே வையுங்கள், அது வேலை முடிந்த அன்று போட வேண்டியது. தொகை எழுதாத செக்கும் கொடுக்காதீர்கள்.

கூடியவரை பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும். நேராகக் கான்ட்ராக்டருக்குத்தான் போகும் என்றால், மொத்தமாகப் போகாமல் கட்டம் கட்டமாக, உங்கள் எழுத்துச் சம்மதத்தோடு போகிறதா என்று கேளுங்கள். அவரோடு 200 ரூபாய் பத்திரத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: கம்பி கட்டியதும் இவ்வளவு, கான்கிரீட் போட்டதும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் இவ்வளவு, எந்த சிமென்ட், எந்தக் கம்பி. பத்தில் ஒரு பங்கை ஐப்பசி மழை ஒரு தடவை அடித்து ஓயும்வரை நிறுத்தி வைப்பேன் என்றும் எழுதுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

விவசாய வீடு என்றால் தவணை எப்போது தொடங்குகிறது என்றும் பாருங்கள். பணம் வருவது கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகுதான், தவணையோ அடுத்த மாதமே ஆரம்பித்துவிடும். இடையில் வரும் மாதங்களுக்கான தவணையைக் கணக்கில் தனியே வைத்துவிட்டு மீதியில் வேலையைத் தொடங்குங்கள்.

சரி, சிக்கல் வந்தேவிட்டது என்றால் கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள், சிபில் கெட்டு அபராதமும் சேரும். நின்றுபோன வேலையைத் தேதியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, இனிப் பணம் விடுவிக்கக் கூடாது என்று கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம், செலவு கிடையாது, விவரம் கேட்க 14448. வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்கு. கான்ட்ராக்டர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

பத்திரம் கொடுத்து வாங்கிய கடனாக இருந்தால் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் மூலப் பத்திரம் கைக்கு வர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.