எம்ஜிபியா டிஆர்6-ஆ? அடியில படுத்துப் பாத்துட்டு சொல்லுங்க

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும்னா எல்லாரும் முதல்ல எது வேகம்னுதான் கேக்காங்க, ஆனா சாரல் ஆரம்பிச்சா துவைச்ச துண்டு மூணு நாளா காயாத செங்கோட்டைல இருந்துக்கிட்டு நான் சொல்லுதேன், இன்ஜின் கதை அப்புறம், துரு எங்க புடிச்சிருக்குன்னு பாருங்க.

ரெண்டுமே இங்கிலாந்து வண்டி. எம்ஜிபி 1962ல வந்தது, 1798 சிசி, நாலு சிலிண்டர். ட்ரையம்ஃப் டிஆர்6 1968ல இருந்து 1976 வரைக்கும், 2498 சிசி, வரிசையா ஆறு சிலிண்டர். சத்தத்துல டிஆர்6 பக்கத்துல எம்ஜிபி நிக்க முடியாது, ஒத்துக்கிடுதேன்.

எம்ஜிபிக்கு அடியில தனி சேசிஸ், அதாவது இரும்புச் சட்டம், கிடையாது, பாடிதான் எல்லாத்தையும் தாங்குது, அதனால கதவுக்கு கீழ ஓடுற சில் போச்சுன்னா வண்டியே போச்சு. கொல்லம் பக்கம் ஒண்ணு பாக்கப் போனேன், பளபளன்னு சிவப்பு பெயின்ட், ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த சில்லுல வச்சா டொப்புனு கீழ விழுது, உள்ள இரும்பு இல்ல, பூரா பட்டி. அந்த சேட்டன் "ஒரிஜினல் பாடியா மோனே"ன்னு சொல்லிட்டே இருக்காரு. சாயாவ குடிச்சிட்டு வந்துட்டேன். இன்னொண்ணு, ஜாக்கி போட்டு தூக்கிட்டு கதவ திறந்து மூடிப் பாருங்க, இடிச்சா பாடி வளையுதுன்னு அர்த்தம், வேண்டாம். 1974 கடைசிக்கு மேல வந்த ரப்பர் பம்பர் வண்டில அமெரிக்க ரூலுக்காக உயரத்த ஏத்திட்டாங்க, வளைவுல சாயும்னு ரசிகர்கள் திட்டுவாங்க, நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு அதுதான் சரி!

டிஆர்6ல சேசிஸ் தனி, அதனால பாடி ஓட்டையானாலும் பொழைக்கும், ஆனா பின்னாடி சக்கரங்களுக்கு பவர பிரிச்சுக் குடுக்குற டிஃபரன்ஷியல மாட்டுற இடத்துல சேசிஸ் விரிசல் விடும், டார்ச் அடிச்சு பாக்கணும். அதோட ஒருத்தர கிளட்ச் மிதிக்கச் சொல்லிட்டு முன்னாடி கிராங்க் புல்லிய பாருங்க, கண்ணுக்குத் தெரியற அளவுக்கு முன்னும் பின்னும் நகந்தா உள்ள கிராங்க நகராம புடிக்கிற அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருச்சு, அது கழண்டு கீழ ஆயில் நிக்கிற சம்ப்ல விழுந்தா கிராங்க், பிளாக் ரெண்டுக்கும் செலவு.

டிஆர்6ல கம்பெனி போட்ட சேசிஸ் நம்பர் சிபி, சிஆர்னு ஆரம்பிச்சா, பெட்ரோல பீச்சி அடிக்கிற லூகாஸ் இன்ஜெக்‌ஷன். அதோட பெட்ரோல் பம்பு 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல தள்ளணும், வெயில்ல சூடாகி மக்கர் பண்ணும், தென்காசி சித்திரை வெயிலுக்கு ஆகாது. சிசி, சிஎஃப்னா அமெரிக்காவுக்குப் போன கார்புரேட்டர் வண்டி, பவர் கம்மி, நிம்மதி ஜாஸ்தி.

என்னக் கேட்டா சில் நல்லா இருக்கிற எம்ஜிபி. 5 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, டிஆர்6 1 லட்சம் கூட இல்ல, பார்ட்ஸ் தேடும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

பேப்பர் விஷயம். 2021 ரூல்படி 50 வருஷம் தாண்டுனத வின்டேஜா பதியலாம், புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும், ஆனா தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை புளியரை வளைவுல ஏறி பார்டர்ல பரோட்டா திங்கணும்னு ஆசை இருந்தா, பழைய ஆர்சிய விடாம புதுப்பிச்சு வச்சிருக்கிற வண்டியா தேடுங்க.