கையெழுத்துக்கு முன் படிவத்தை வாசித்துக் காட்ட ஒரு மகளிர் குழு

உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் சுகாதாரத்துக்கென மகளிர் குழு ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் புதிதாக ஆள் திரட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே சேமிப்பு நடத்தும் சுய உதவிக் குழுவிலிருந்து நான்கைந்து பேர் முன்வந்தால் போதும். மல்லிகை பறிப்பவர்கள் விடியற்காலையில் தோட்டத்தில் இருப்பார்கள் என்பதால், பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பிற்பகலில் கூடுங்கள்.

முகாம் நடத்துவதையோ துண்டறிக்கை அடிப்பதையோ முதல் வேலையாக நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரசவத்துக்கோ கருத்தடை அறுவைக்கோ செல்லும் பெண்ணுக்குத் துணையாகப் போய், அவர் கையெழுத்திடும் முன் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவதிலிருந்து தொடங்குங்கள். இதன் அருமையை அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள் பட்டு அறிந்தவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் பிரசவ வலியில் இருந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம், அவர்களுக்குப் புரியாத ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்ததை எதிர்த்து, 1975ஆம் ஆண்டில் பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1978இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. ஆயினும் ஸ்பானிய மொழியில் ஒப்புதல் படிவங்கள் வந்ததற்கு அந்தப் போராட்டமே வழி செய்தது. அவர்களுடைய சமூகத்தில் 'புரொமோத்தோரா' எனப்படும் பெண்கள், மருத்துவச் செய்திகளை அக்கம்பக்கத்தாரின் பேச்சு மொழியிலேயே இன்றும் கொண்டு சேர்க்கிறார்கள்.

நம் ஊரில் படிவம் தமிழில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால், பள்ளிப் படிப்பை முடித்தவருக்கும் வலியெடுத்த நேரத்தில் அச்செழுத்து மண்டையில் ஏறாது. ஆகவே எட்டாம் மாதத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் வெற்றுப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி, குழுவில் உரக்க வாசித்து, ஒவ்வொரு வரியையும் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பழகுங்கள். கருத்தடை அறுவைக்கான மத்திய அரசின் நெறிமுறைப்படி, வற்புறுத்தியோ மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ ஒப்புதல் பெறக் கூடாது. கணவரின் ஒப்புதலும் தேவையில்லை. இந்தக் கடைசி வரியை மாமியார்கள் உள்ள கூட்டத்தில் வாசித்தால் சலசலப்பு எழும், எழட்டும். பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி என்னும் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்துவதானாலும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உடனிருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. அப்படிப் போகிறவர், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண்ணையும் ரத்தப் பிரிவையும் ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் செல்ல வேண்டும். யாரேனும் கடுமையாகப் பேசினால் அங்கேயே மல்லுக்கு நிற்காமல், தேதி, நேரம், சொன்ன சொல் ஆகியவற்றை அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே குறை நான்கு பேருக்கு நேர்ந்தால், மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம். அதில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.