வெப்சைட் வேலைக்கு விலை சொல்வதற்கு முன்

“ஒரு வெப்சைட் செய்ய எவ்வளவு ஆகும்?” என்று போனில் கேட்டதும் ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். மாதம் 60,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். போன் பேச்சு, கொட்டேஷன், புதிதாகக் கற்பது எல்லாம் போக, காசு வரும் வேலை நேரம் மாதத்துக்கு 100 மணி தேறினாலே பெரிது. ஆக, மணிக்கு 600. ஒரு ஜவுளிக்கடை சைட்டுக்கு 50 மணி நேரம் என்றால் 30,000. அதோடு கால் பங்கு சேர்த்து 37,500 சொல்லுங்கள். அந்தக் கால் பங்கு “லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க” வகையறாவுக்கு. எப்படியும் வரும்!

எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், புடவைப் படங்களையும் விலை விவரத்தையும் யார் தருவது என்பதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கோடிங் முடிந்தும் படம் வராமல் சைட் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் மீதிப் பணத்தை “லைவ் ஆனதும்” என்று விடாமல், 40 சதவீதம் முன்பணம், டிசைன் ஓகே ஆனதும் 40, மீதி 20 குறிப்பிட்ட தேதியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

டொமைன் (சைட்டின் முகவரி), ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் சர்வர் இடம்) இரண்டையும் வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் கார்டிலேயே வாங்கச் சொல்லுங்கள். அப்புறம், கம்பெனிகள் பெரும்பாலும் டிடிஎஸ், அதாவது உங்கள் வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே, பிடித்துக்கொண்டுதான் தரும். ரிட்டர்ன் தாக்கலில் அது கணக்கில் வந்துவிடும், ஆனால் இந்த மாத வாடகைக்கு உதவாது.